கான்ஹேரியில் நாலரை மணி

என்னைப் பெண் பார்க்க நாலு பேர் வந்து போனதில் எங்கள் வீட்டு ரேஷன் சர்க்கரை நாலு தடவை சொஜ்ஜியாகிப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் மாசக் கடைசிவரை எல்லோரும் வெல்லக் காபி குடித்தோம். அவர்கள் என்னவோ சொஜ்ஜியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்று எழுந்து போனார்கள். கடுதாசி வந்ததே இல்லை.

யுத்தம் முடியாத காலம். பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் ரவை வறுபடுகிற வாசனை மாடிப்படி ஏறினால் போதும், மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். மறுநாள் படியில் எந்த மாமி எதிரே வந்தாலும், "என்னடி, பதில் வந்துதா?" என்பாள். வராது என்று தெரிந்துகொண்டே கேட்பாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் ஐந்தாவது தடவை அப்பா ஒரு யோசனை செய்தார். "ஆத்துல வேண்டாம். கான்ஹேரி குகை பார்க்கப் போறோம்னு கிளம்பிடலாம். அவாளும் அங்கே வரட்டும். பிக்னிக் மாதிரி இருக்கும். ஈ காக்காய்க்குத் தெரியாது."

அம்மாவுக்குச் சர்க்கரை மிச்சம் என்று சந்தோஷம். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அப்பாவின் தோல்பையில் புளியஞ்சாதப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு கவர் இருந்தது. அதற்குள் என் ராஜினாமாக் கடிதம்.

அதை டைப் அடித்ததே நான்தான். ரேஷன் ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. அப்பா ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோகிராபர். எங்கள் வீட்டில் எதற்கும் முதலில் டிராஃப்ட், அப்புறம் திருத்தம், அப்புறம் கார்பன் வைத்து மூன்று காப்பி. வெள்ளிக்கிழமை அப்பா டிராஃப்டை நீட்டி, "நல்ல இடம். இது கையில இருந்தாத்தான் நடக்கும்" என்றார். பிள்ளை வீட்டில் வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஆபீஸ் மெஷினில் என் வேலையை விடுகிற கடிதத்தை நானே தட்டினேன். தட்டின தட்டலில் இரண்டு இடத்தில் காகிதம் ஓட்டையாயிற்று. கையெழுத்து மட்டும் போடவில்லை. "நாளைக்குப் போடறேன்" என்றேன். அப்பாவும் வற்புறுத்தவில்லை.

அந்த வேலையில் என்ன இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு மேஜை இருந்தது. மேஜைக்கு ஒரு இழுப்பறை, இழுப்பறைக்கு ஒரு சாவி. வீட்டில் ஒரு ஹாலும் சமையலறையும்தான். பர்மாவிலிருந்து பாதித் தூரம் நடந்தே வந்து சேர்ந்த சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்து நாங்கள் ஒன்பது பேர். என் புடவைப் பெட்டிக்கு மேல் மூன்று பெட்டி அடுக்கியிருக்கும். ஒரு கைக்குட்டை எடுக்க வேண்டுமென்றால் பாதி வீட்டைக் கலைக்க வேண்டும். பம்பாய் முழுவதிலும் எனக்கென்று இருந்தது அந்த இழுப்பறை ஒன்றுதான். அதற்குள் ஒரு சீப்பும் ஒரு பொட்டலம் உப்புக்கடலையும் வைத்திருந்தேன். வேறு ரகசியம் கிடையாது. ஆனால் அதை விட முடியாது என்று இருந்தது.

மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் பிள்ளையும் அவரை வளர்த்த அத்தையும் காத்திருந்தார்கள். ஃபோர்ட்டில் உத்தியோகம், மூக்குக் கண்ணாடி, சாந்தமான முகம். ரயிலில் எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. பாந்த்ராவில் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன், அந்தேரியில் திரும்பி வந்தேன், கோரேகாவில் மறுபடி எழுந்தேன். "பூச்சி கடிச்சாப்பல என்னடி அது?" என்று அம்மா முழங்காலில் கிள்ளினாள்.

அத்தை அப்பாவிடம், "இன்னிக்கு ராகு காலம் எப்போ? எதுவானாலும் அதுக்கு முன்னாடி பேசிடணும்" என்றாள்.

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டாள். யுத்தத்துக்காக சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்த வருஷங்கள் அவை. ரயிலும் ஆபீஸும் புது நேரத்தில் ஓடின. பஞ்சாங்கம் பழைய நேரத்திலேயே நின்றது. கட்டடத்தில் யாருக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டுமானாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். பெருமாள் கோவில் பட்டாச்சாரியார்கூட ஒரு தடவை குழம்பியிருக்கிறார், அப்பா குழம்பியதில்லை.

"ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம். ஒரு மணி கூட்டிக்கணும். அப்போ நம்ம வாட்ச்சுல அஞ்சரை" என்றார் அப்பா. "அதுக்குள்ள எல்லாம் முடிச்சுடலாம்." சொல்லிவிட்டுத் தோல்பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். நானும் பார்த்தேன்.

போரிவ்லியிலிருந்து டாங்கா, குதிரை வண்டி. காட்டுப்பாதை. டாங்காக்காரன் ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்க மாட்டேன் என்றான். "ஷேர் ஆதா ஹை" என்று காட்டைக் கை காட்டினான். புலி வரும் என்றதும் அத்தை ராம ராம என்று ஆரம்பித்தவள் வெகுநேரம் நிறுத்தவில்லை.

குகை என்றால் ஒரு பெரிய பொந்து இருக்கும், எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் நினைத்திருந்தேன். மலை முழுக்க ஊராக இருந்தது. கீழே தூண் தூணாய் ஒரு பெரிய கூடம், அதன் முன்வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே புத்தர் நிற்கிறார். அங்கிருந்து பாறையிலேயே வெட்டின படிகள் மேலே போகின்றன. தெருவுக்குத் தெரு வரிசையாய் வாசல்கள். வாசலுக்கு வாசல் பாறையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, டிசம்பரிலும் தண்ணீர் நிற்கிறது. புத்த பிக்ஷுக்கள் இருந்த இடம், நூறு வீட்டுக்கு மேல் உண்டு என்றான் காவல்காரன்.

சாப்பாடு ஆனதும் அம்மாவும் அத்தையும் தூண் நிழலில் உட்கார்ந்து, யாருக்கு யார் எந்த வழியில் உறவு என்று பாலக்காட்டுக் கிராமம் கிராமமாய்த் தேட ஆரம்பித்தார்கள். அப்பா பையைத் திறந்து மூடினார். எனக்குத் தாங்கவில்லை. "மேலே போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று படியேறிவிட்டேன்.

ஏறினேன், இறங்கினேன், இன்னொரு வரிசைக்கு ஏறினேன். எந்த வாசலிலும் நிற்க முடியவில்லை. கடைசியில் மேல் வரிசையில், மூச்சு வாங்கி, ஒரு அறைக்குள் நுழைந்தேன். எங்கள் சமையலறையில் பாதிதான் இருக்கும். சுவரோடு சேர்த்துக் குடைந்த ஒரு கட்டில். தலைமாட்டில் சுவரில் ஒரு மாடம், ஒரு சீப்பும் உப்புக்கடலையும் வைக்கிற அளவு. நிலைப் பாறையில் கதவு பொருத்தின குழிகள். அந்தக் காலத்தில் உள்ளே போனவன் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான்.

ஒரு ஆளுக்கு ஒரு அறை. அதுவும் பிச்சையெடுத்துச் சாப்பிட்ட சந்நியாசிக்கு! எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், செத்துப்போன பிக்ஷுவின் மேல் பொறாமைப்பட்டேன். கல் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தும் பார்த்தேன். முதுகு சில்லென்றது.

வாசலில் நிழல் விழுந்தது. அலறியடித்துக்கொண்டு எழுந்தேன். பிள்ளை நின்றுகொண்டிருந்தார், வாசற்படிக்கு வெளியே, மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"அத்தை கூட்டிண்டு வரச் சொன்னா."

"கையெழுத்துப் போடத்தானே?" என்றேன். "வரேன்னு சொல்லுங்கோ. இல்லை, வரலைன்னே சொல்லுங்கோ."

"என்ன கையெழுத்து?"

"ராஜினாமா. வேலைய விடணும்னு கேட்டேளே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க கேக்கலையே. எந்த ஆபீஸ்னு அத்தை கேட்டா. அவ்வளவுதான்."

நான் வாசற்படிவரை வந்தேன். "அப்படின்னா, விட வேண்டாம்னு எங்கப்பாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"அத்தையைக் கேட்டுண்டுதான் சொல்லணும்."

"இந்த மலையைக் குடைஞ்சவாள்ளாம் எந்த அத்தையைக் கேட்டுண்டு குடைஞ்சா?"

"அது எனக்குத் தெரியாது" என்றார், நிஜமாகவே யோசித்துவிட்டு. பாவம், நல்ல மனுஷர். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு அப்பாவைத் தேடித் தடதடவென்று படியிறங்கினேன்.

அப்பா தூண் கூடத்துக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தார். கவர் கையில் இருந்தது, பேனாவும். என்னைக் கண்டதும், "நாலேகால் ஆறது. வா, போட்டுடு. அத்தைகிட்ட நாமே கொண்டுபோய்க் காட்டினா கௌரவமா இருக்கும்" என்றார்.

"அவா கேக்கவே இல்லையாமே" என்றேன். கூடத்தில் என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது. "நீங்களா எதுக்குக் குடுக்கறேள்? யார் உங்களைக் கேட்டா?"

அப்பா வெளியே ஒரு தடவை பார்த்தார். அம்மாவும் அத்தையும் தூரத்தில் இருந்தார்கள். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"எட்டு நாப்பது வண்டியில கேக்கறாடி."

எட்டு நாற்பது வண்டி என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாட்டுங்காவிலிருந்து வி.டி. ஸ்டேஷன் வரை பதினெட்டு வருஷமாய் ஒரே வண்டி, ஒரே பெட்டி, அப்பாவையும் சேர்த்து அதே ஆறு பேர். ஜன்னல் ஓரத்து இடத்தை அப்பாவுக்கு விட்டுவைப்பார்கள். சீட்டாட்டமும் ஊர் வம்பும் அந்த அரைமணியில்தான். அப்பா வாய்விட்டுச் சிரிப்பது அந்த வண்டியில் மட்டும்தான் என்று அம்மா சொல்வாள்.

"'உமக்கென்ன ஓய், பொண்ணு சம்பாதிச்சுப் போடறா'ன்னு தினம் ஒருத்தன் சொல்றான். சம்பளம் வரதுக்காகத்தான் உன்னைக் கல்யாணம் பண்ணிக் குடுக்காம வெச்சிண்டிருக்கேனாம். சிரிச்சுண்டேதான் சொல்றா. நானும் சிரிச்சுண்டே உக்காந்திருக்கேன்."

அப்பா பேனா மூடியைத் திருகித் திறந்தார், மூடினார், திறந்தார். எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு இரக்கம் அதற்கு முன் வந்ததில்லை. அந்த இழுப்பறை, சாவி, மேலே பார்த்த கல் அறை எல்லாம் அந்த ஒரு நிமிஷம் ஒன்றுமில்லாமல் போயின.

"குடுங்கோ, போடறேன்" என்றேன்.

காகிதத்தைத் தூணின் அடிப்பாறைமேல் வைத்தேன். கடிதத்தில் பொத்தல் விழுந்த இரண்டு இடத்திலும் பாறை தெரிந்தது. அப்பாவின் கண் அதில் போயிற்று. அவர் பார்க்காமல் விடுகிற ஆளில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நான் அழவில்லை, ஆனால் மூக்கு சிவந்திருக்கும், எனக்கு அப்படித்தான்.

நிப்பு காகிதத்தில் பட்டது. முதல் எழுத்தின் கோடு பாதி இறங்கியிருக்கும்.

"நில்லு" என்றார் அப்பா. வாட்ச்சைப் பார்த்தார். "நாலரை ஆயிடுத்து. ராகு காலம் வந்துடுத்து. இனிமே கையெழுத்துப் போடப்படாது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காலையில் ரயிலில், ஒரு மணி கூட்டிக்கணும், அஞ்சரை என்று அத்தைக்குக் கணக்குச் சொன்ன அதே வாய். இன்னும் முழுசாய் ஒரு மணி நேரம் இருந்தது. அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதற்கும் பதில் பேசாமல் விட்டதில்லை நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா பேனாவை என் கையிலிருந்து வாங்கி மூடிப் பையில் செருகினார். காகிதத்தை நாலாய் மடித்து, மீந்த புளியஞ்சாதத்தைச் சுற்றின இலைக்கு அடியில் வைத்தார். "வா, டாங்காக்காரன் கத்துவான்" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

திரும்பும்போது அத்தை, "ஏன், இன்னும் நேரம் இருக்கே, ஒண்ணும் பேசாமலே கிளம்பறேளே?" என்றாள். "கடுதாசி போடறோம்" என்றார் அப்பா. எங்கள் பக்கத்திலிருந்து அந்த வார்த்தை போனது அதுதான் முதல் தடவை. கடுதாசி போடவில்லை. எனக்குக் கல்யாணம் பிற்பாடு ஆயிற்று, வேலையை விடாமலே.

மறுநாள் திங்கட்கிழமை. நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"சாப்பாட்டு டப்பா இன்னும் ஆகலையே, மணி ஏழே முக்கால்தானே?" என்றாள் அம்மா.

"இருக்கறதைக் குடு. இனிமே எட்டு மணி வண்டிதான்."

"எட்டு நாப்பது என்னாச்சு?"

"கூட்டம்" என்றார் அப்பா.

யுத்தம் முடிந்து கடிகாரம் பழையபடி திரும்பி வந்தது. அப்பா எட்டு நாற்பதுக்குத் திரும்பவில்லை, ரிடையர் ஆகும்வரை. அவர் ஆபீஸ் பியூன் ஒரு தரம் வீட்டுக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னான், பூட்டைத் திறக்க அவன் வருகிறவரை அப்பா தினமும் வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருப்பாராம். அதைக் கேட்டபோது என் இடுப்பில் இழுப்பறைச் சாவி இருந்தது.