தேவகி இரண்டு முறை செய்த சிலை

தேவகி காலமான செய்தியை அவருடைய தம்பி போனில் சொன்னபோது நான் சந்தாபுராவில், நானும் தேவகியும் பங்கு போட்டுக்கொண்டிருந்த ஷெட்டில், தகரம் அறுத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் முதல் அழைப்பு காதில் விழவில்லை. "ராகவன், அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே," என்றார். சரி என்று சொல்லிவிட்டு, தேவகி பாதியில் விட்டிருந்த களிமண் தலையின் மேல் கிடந்த துணியைத் தண்ணீர் தெளித்து நனைத்தேன். அவர் வராத நாட்களில் நான் செய்கிற வேலை அது. நனைத்து முடித்த பிறகுதான் இனி அதற்கு அவசியமில்லை என்பது உறைத்தது.

இதைப் படிப்பவர்களில் பலர் தேவகியை அறிவீர்கள். எங்கள் சண்டைகளையும் அறிவீர்கள். இருவரும் ஒரே கலைக்கல்லூரியில் ஒரே வகுப்பு. சிற்பத்தில் மனித உருவம் முடிந்துபோன சமாச்சாரம் என்று எங்கள் வகுப்பே நம்பியது. நான் இன்றும் நம்புகிறேன். நான் தகரத்தில் செய்கிற சிற்பம் எதைப் போலவும் இருக்காது. தேவகி மட்டும் விடாப்பிடியாக ஆட்களைச் செய்துகொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நிற்பவர், கறிக்கடை மேடையில் சாய்ந்திருப்பவர், குழந்தையை இடுப்பு மாற்றிக்கொள்கிற பெண். பொம்மைக்காரி என்று கேலி செய்தோம். "பொம்மைதான் போ. உன் தகரத்துக்கு என்னைக்காவது முதுகு வலிச்சிருக்கா?" என்பார்.

ஒருமுறை சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் வெகுநேரம் நின்றார். ஒரு கண்டக்டர் பொறுக்க மாட்டாமல், "ஏனம்மா, எல்லிகே போகணும்?" என்று எங்கே போக வேண்டும் என்பதைக் கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். "சும்னே நிக்கறேன்பா." "சும்னே நிக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அப்போது ஒரு பஸ் நிற்காமல் போயிற்று. தேவகி என் முழங்கையை இடித்து, கையில் பையோடு நின்ற ஒருவரைக் காட்டினார். "பாரு, தோள்தான் மொதல்ல எறங்குது. மூஞ்சிக்கு விஷயம் அப்புறம்தான் போகுது." பார்த்தேன். உண்மைதான். உண்மை என்று அவரிடம் சொல்லவில்லை. அந்தத் தோளை வைத்துச் செய்த சிலைதான் பின்னால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. களிமண்ணில் ஓர் ஆளைச் செய்து முடித்ததும், அச்செடுப்பதற்கு முன், அந்த ஆளின் வீட்டாரை ஷெட்டுக்கு வரவழைத்துக் காட்டுவார். டீயும் பன்னும் வாங்கி வைப்பார். "ஊர்ல எல்லாரும் ஒரு தடவ பார்த்துட்டுப் போயிடுவாங்க. இவங்கதான் கூடவே இருக்கப்போறவங்க," என்பார். அநேகமாக மூக்கு சரியில்லை, பொட்டு வைக்கவில்லை என்ற மட்டில் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு பெரிய அலுவலக வளாகத்தின் முன்கூடத்துக்கு ஆளுயரத்தைவிடப் பெரிதாக ஒரு வெண்கலச் சிலை கேட்டார்கள். அத்தனை பெரிய வேலை தேவகிக்கு அதுவே முதல். ஒக்கலிபுரத்திலிருந்து செல்வி என்ற பெண்ணை அழைத்து வந்தார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. சுவரில் சாய்ந்து, தரையில் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, முழங்காலில் கையைப் போட்டபடி செல்வி மாதக்கணக்கில் உட்கார்ந்தார். சிலை வளர வளர எனக்குக் கேலி செய்ய ஒன்றும் அகப்படவில்லை. நாள் முழுக்க நின்ற ஓர் உடம்பு உட்கார்ந்த அந்தக் கணம் அப்படியே மண்ணில் இருந்தது. "இது நிக்கும், தேவகி," என்று என் வாயாலேயே சொன்னேன்.

வழக்கம்போல வீட்டார் வந்தார்கள். செல்வியின் கணவர், முகம் அச்சு அசல் என்றார். மகள் நித்யா அந்த வளாகத்திலேயே ஒரு கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சிலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டாள்:

"இவ்ளோ பெரிய ஷெட்ல எங்கம்மாவுக்கு ஒரு சேர் கெடைக்கலையா மேடம்?"

"இல்லம்மா, அந்தக் கால் நீட்டினதுலதான்..."

"எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம். டெய்லி அந்த வழியாத்தான் நான் உள்ள போகணும். அங்க வர்றவங்க எல்லாம் சோபால ஒக்காருவாங்க. எங்கம்மா மட்டும் கீழயா?"

"சும்மா இருடி," என்றார் செல்வி.

தேவகியின் முகம் செத்துப்போயிற்று. அவர் மல்லேஸ்வரத்துப் பழைய தமிழ்க் குடும்பம். தாத்தா மைசூர் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம். அந்த வீட்டில் யார் நாற்காலியில், யார் தரையில் என்று எவரும் வாய்திறந்து சொல்லத் தேவை இருந்ததில்லை.

அவர்கள் போனதும் நான் தேவகியைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? இதுல கை வெச்சே, தொலைஞ்சே." மறுநாள் நான் வந்தபோது சிலை இடுப்போடு அறுபட்டுக் கிடந்தது. எந்த நாற்காலி வேண்டும் என்று தேவகி செல்வியையே கேட்டார். அவர் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதன் மெல்லிய கால்களையும் முதுகுச் சந்துகளையும் மண்ணில் நிறுத்துவதற்குள் தேவகி படாத பாடு பட்டார். வளாகத்துக்காரர்கள் வந்து பார்த்து, பிளாஸ்டிக் சேரா என்று முகம் சுளித்தார்கள். கல் பெஞ்சாக மாற்றித் தரச் சொன்னார்கள். தேவகி முடியாது என்றார். வேலை வேறொருவர் கைக்குப் போயிற்று. இப்போது அங்கே ஓர் எஃகுப் பறவை நிற்கிறது. அத்தனை பெரிய வாய்ப்பு தேவகிக்கு மறுபடி வரவில்லை. நாற்காலிச் செல்வி வெண்கலம் காணாமல், பிளாஸ்டராகவே எங்கள் ஷெட்டில் தங்கிவிட்டார்.

அதன் பிறகு எந்தப் பேச்சை எடுத்தாலும் நாங்கள் இங்கேதான் வந்து நின்றோம். "மொதல்ல செஞ்சது சிலை. இது மன்னிப்புக் கடுதாசி," என்பேன். "இருந்துட்டுப் போகட்டும், டீயைக் குடி," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து பெயராது. தன் செய்கைக்குக் காரணம் தெரியாமல்தான் மழுப்புகிறார் என்று நினைத்திருந்தேன்.

போன் வந்த அன்று மல்லேஸ்வரம் வீட்டுக்குச் செல்வியும் வந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். உள்ளே தேவகியைக் கிடத்தியிருந்தார்கள். வெளியே கேட் அருகில் நான் இங்கிதமில்லாமல் அதைக் கேட்டேன்: ரெண்டு சிலையில் உங்களுக்கு எது பிடித்தது?

"மொதோ செஞ்சதுதான் சார்," என்றார் யோசிக்காமல். "டூட்டி முடிஞ்சா நான் அப்படித்தான் ஒக்காருவேன், வேற எப்படி? மறுநாள் காலைல வந்தேன் இல்ல, அப்பவே சொன்னேன், நித்யா கெடக்கறா, வெட்டாதீங்க மேடம்னு."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'நீயா ஒக்காந்திருந்தா வேற, செல்வி. உள்ள வந்ததும் கீழ ஒக்காருன்னு நான்தானே சொன்னேன்'னாங்க. சொல்லிட்டு என் எதிர்லயே அறுத்தாங்க சார்."

இத்தனை வருடச் சண்டையில் இதை என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். சொல்லாமல் போனதற்காக, அந்த வீட்டு வாசலில் நின்றபடி, தேவகி மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

அவருடைய கருவிகள் கல்லூரிக்குப் போகின்றன. எனக்கு மிஞ்சியவை இரண்டு. அவர் அறுத்துப் போட்டதுதான் நல்ல சிலை என்பது ஒன்று. அந்த எண்ணம் மாறவில்லை. அதை அறுத்தது சரி என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்று தேவகியைத்தான் கேட்டிருக்க வேண்டும்.