பின்சுவர் அரசங்கன்று

எங்கள் அப்பாவுக்குச் சகுனம், சாங்கியம் எல்லாமே கேலிதான். புதுச்சட்டை வாங்கினால் வேண்டுமென்றே ராகுகாலத்தில் போட்டுக்கொண்டு அம்மாவின் முன்னால் நடப்பார். அப்படிப்பட்டவர் ஒரு அரசங்கன்றிடம் தோற்றுப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

பாகூரில் எங்கள் ஓட்டு வீட்டின் பின்சுவரில் அது முளைத்திருந்தது. அடித்தண்டில் பழைய வெட்டு ஒன்று கருத்துக் கிடந்தது. அதைச் சுற்றித்தான் புதுக் கிளைகள். வேர் செங்கல்லைப் பிளந்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. விரிசலில் என் விரல் நுழையும்.

சித்தப்பா வெளிநாட்டு வேலையில் இருந்ததால் சித்தி எங்களோடு இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள், ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் செடி, மரத்தை வெட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஐப்பசியில் புயல் வருகிறது என்றார்கள். சுவர் சரிந்தால் ஓடு மொத்தமும் எங்கள் தலையில்தான் இறங்கும். மழைக்கு முன்னால் செடியைப் பிடுங்கிவிட்டு விரிசலைச் சிமெண்டால் அடைக்க அப்பா கடப்பாரையோடு வந்தார். சித்தி ஓடிப்போய்ச் செடியை மறைத்து நின்றாள்.

"கைய வெக்காதீங்க மாமா."

"நவுரும்மா. வூடு வுழுந்தா இன்னா பண்ணுவ? செடியா வந்து தாங்கும்?"

"வுழுந்தா வுழட்டும். எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு தாங்குறது?"

தூறல் ஆரம்பித்தது. அப்பா கடப்பாரையை ஓங்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. அப்போது அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"இன்னொரு வாட்டியா?" என்று மட்டும் அப்பாவைக் கேட்டாள்.

அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டார். கொட்டுகிற மழையில் சவுக்குக் கழிகளை இழுத்து வந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தார். செடியின் மேல் ஒரு கழிகூடப் படாமல் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்குப் பயந்து என்று நினைத்தேன்.

சுவர் நின்றது. தை மாதம் சித்திக்குப் பெண் பிறந்தாள். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று அப்பாவை வெகுநாள் கிண்டல் செய்தேன், அவரும் சிரித்துக்கொள்வார்.

போன வருஷம் நான் உண்டாகியிருந்தபோதுதான் அம்மா சொன்னாள். எனக்கு முன்னால் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்ததாம். சாங்கியமாவது மண்ணாவது என்று சிரித்துக்கொண்டே அப்பா இதே அரசங்கன்றை அடித்தண்டில் வெட்டினாராம். அந்த வாரமே கரு கலைந்துவிட்டது. டாக்டர் வேறு காரணம் சொன்னார். ஊரில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ள முடியாமல் போனது அப்பா ஒருவருக்குத்தான்.