ரிஜிஸ்டருக்குள் வந்த மூச்சு

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் தலைநகரான அசுன்சியோனில் நிமியாவுக்கு இது சத்தியமாக நடந்தது. அதே அறையில்தான் நானும் வேலை பார்க்கிறேன். இன்றுவரை மதியத்தில் அங்கே தனியாக உட்கார மாட்டேன்.

மூச்சுவிட முடியாதவர்களுக்குக் காற்று கொடுக்கும் கருவி செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. நிமியாவின் அக்கா சுனில்தா ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மாலைக்குள் கருவி அங்கே போயாக வேண்டும். கருவியோ திடீர் திடீரென்று நின்றது. புரோகிராம் எதையாவது கேட்டு, கருவியை ஆளும் கெர்னல் என்ற உள் மென்பொருளுக்குள் போனால், திரும்பும்போது ரிஜிஸ்டர் என்ற சின்ன இடத்தில் தான் விட்டுப்போன எண் அப்படியே இருக்க வேண்டும், கோயில் வாசலில் விட்ட செருப்பு மாதிரி. இங்கே திரும்பி வந்தால் வேறு யாருடைய செருப்போ கிடந்தது. காரணத்தை நிமியா தேடிக்கொண்டிருந்தாள்.

மணி 1:50. வெயில் கொளுத்தியது. ஊரே சியெஸ்டா என்ற மதியத் தூக்கத்தில் இருந்தது. கூட வேலை செய்யும் தெர்லிஸ், தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானக் குவளையை நிமியா பக்கம் தள்ளிவிட்டு எழுந்தான்.

"கொஞ்சம் படுத்துட்டு வா நிமியா. இந்த வெயில்ல பேய்கூட வெளிய வராது."

"சியெஸ்டாலதான் நம்ம ஊர்ல பேயே வரும். நீ போடா."

தப்பாக வந்த எண்களைத் திரையில் ஓடவிட்டாள். குப்பை எண்கள் தாறுமாறாக இருக்கும். இவை மெல்ல ஏறின... இறங்கின... மறுபடி ஏறின.

கோடாக வரைந்து பார்த்தாள். தினமும் பார்க்கிற கோடுதான். மூச்சு.

கருவியில் யாரையும் மாட்டவில்லை.

2:09. தவறு கிடைத்தது. திரும்பும் வழியில் அந்த ரிஜிஸ்டரைப் பழையபடி மீட்டு வைக்கும் ஒரு வரி விடுபட்டிருந்தது. எழுதிச் சேர்த்தாள். என்டரைத் தட்டினால் கருவியில் ஏறிவிடும்.

கோடு படபடத்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது போல.

புஸ்...

மேஜைமேல் கிடந்த குழாய் அசைந்தது.

"யாரு?"

புஸ்... புஸ்...

அக்காவை நினைத்துக்கொண்டாள். என்டரைத் தட்டினாள்.

கோடு படுத்துவிட்டது.

2:17.

கருவி நேரத்துக்குப் போனது. சுனில்தா பிழைத்தாள். அழுது தீர்த்தாள் நிமியா.

ஆனால் அந்த வரி எங்கள் எல்லாக் கருவிகளிலும்தான் விடுபட்டிருந்தது. பழைய புரோகிராமை மற்றக் கருவிகளின் போர்டுகளில் நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்தான் தெர்லிஸ். ஒரு தப்பான எண்கூட வரவில்லை. நிமியா சரிசெய்த கருவியில் இருந்த அந்த ஒரு போர்டு மட்டும், எங்கோ ஓர் ஆற்றங்கரை ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பழைய கருவியிலிருந்து கழற்றியது. அங்கே போன் போட்டு விசாரித்தான். முகம் வெளுத்துப்போய் வந்தான்.

"அந்தப் பழைய கருவில ஒரு பொண்ண மாட்டியிருந்தாங்களாம். செத்துருச்சுன்னு நெனச்சு ஒரு சியெஸ்டால யாரோ கருவிய அணைச்சுட்டாங்களாம்."

"நெனச்சுன்னா?"

"அப்ப அந்தப் பொண்ணுக்கு மூச்சு இருந்திருக்கு நிமியா."

அவள் என்டரைத் தட்டிய தன் விரலைப் பார்த்தாள்.

"ரெண்டாவது தடவ அணைச்சது நான்டா."