சிலுவை போட்ட பெயர்கள்

1987ஆம் ஆண்டு குளிர் தொடங்கியபோது, என் மனைவி பிலோமினாவும் இரண்டு பிள்ளைகளும் மன்னாரில் உயிரோடு இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. மறுபடி சண்டை தொடங்கிக் கடிதங்கள் நின்றுவிட்டன. நான் டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் ஒரு துணித் தொழிற்சாலையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு மாதங்கள் ஆகியிருந்தன. போய்க் கேட்டால் காத்திருக்கச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அதையும் சொல்லவில்லை. எந்தத் தாளில் என்ன பிழை விட்டேன் என்று யோசித்து யோசித்துத் தலை குழம்பிப்போனது.

நான் கூச்சக்காரன். செபக்கூட்டத்தில் மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது கதவடியில் சப்பாத்துகளை அடுக்கிக்கொண்டு நிற்பேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கூச்சத்தால்தான் இதைப் பேசாமல் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் இங்கர் என்ற டெனிஷ் பெண்மணி வேலை செய்தார். அவருடைய தாய் இறந்து வீட்டை ஒழித்தபோது சட்டி, விளக்கு, மெத்தை உறை எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டு, அகதியாக வந்த எங்களுக்குத் தந்தார். ஒரு பெட்டியின் அடியில், துவாய்களுக்குக் கீழே, ஒரு பெரிய வேதாகமம் இருந்தது. தோல் அட்டை, பித்தளைக் கொளுக்கி. தூக்க இரண்டு கையும் வேண்டும். எழுத்துகள் முள்ளுக்கம்பியை வளைத்து வைத்தது போல இருந்தன. முன்தாளில் யாரோ மையால் ஐந்து பெயர்களை எழுதியிருந்தார்கள். கீழே வெற்றிடம்.

எங்கள் வீட்டில் செபப் புத்தகத்தின் முதல் தாளில் வீட்டாரின் பெயர்களை எழுதி, அதன்மேல் கை வைத்துத்தான் செபிப்போம். என் புத்தகம் படகில் வரும்போது கடலோடு போய்விட்டது. அதனால் அந்த வெற்றிடத்தில் நீலப் பேனையால் எழுதினேன். பிலோமினா. ஜெசிந்தா. றொபேட். வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் கை வைத்தேன். "மடு மாதாவே, இவர்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடு." வேறு செபம் வாயில் வரவில்லை.

என்னோடு அறையில் இருந்தவன் மரியதாஸ். டெனிஷ் நன்றாக வரும். வாயும் சும்மா இராது. ஒருநாள் தேத்தண்ணியோடு வந்து தாளை எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணை செய்து வச்சிருக்கிறியள்?"

"பேர் எழுதினனான்."

"மேலை பாத்தனீங்களே? ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலையும் சிலுவை. செத்த ஆக்களுக்குத்தான் இவங்கள் சிலுவை போடுறவங்கள். செத்தவையின்ரை பட்டியலிலை மனிசி பிள்ளையளைச் சேர்த்துப்போட்டு, கொண்டுவந்து சேர் எண்டு மாதாவைக் கேக்கிறியள். அவ எங்கை கொண்டுபோய்ச் சேர்க்கிறது?"

அவன் விளையாட்டாக, பகிடியாகத்தான் சொன்னான். நான் எண்ணிப் பார்த்தேன். ஐந்து பெயர், ஐந்து சிலுவை. பெயர்களை அப்படியே விடப் பயம். வெட்டினால் அவர்களையே வெட்டுவது போல இருந்தது. கொளுக்கியைப் பூட்டிவிட்டேன். அதன் பிறகு மூடிய அட்டையின்மேல்தான் கை வைத்தேன். திறக்கவில்லை.

1988 கோடையில் இங்கர் மேசையடியில் கேட்டார், அந்தப் பெரிய புத்தகம் என்னிடமா இருக்கிறது என்று. அவருடைய உறவுக்காரர்கள் நூறு வருடங்களுக்கு முன்பே மோர்மன் சபையில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போனவர்களாம். அந்தச் சபையார் முன்னோரின் பெயர்களைத் தேடித் தேடி எழுதுகிறவர்களாம். அங்கிருந்து ஒரு அம்மா அந்தப் புத்தகத்தைத் தேடியே வருகிறாராம். எனக்கு நீலப் பேனைதான் நினைவுக்கு வந்தது. பொலிசில் சொல்லிவிட்டால்? விண்ணப்பம் அதோடு சரி. ஆம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். அமெரிக்க அம்மாவுக்குத் தலை முழுக்க நரை. நான் பால் விட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தார். எங்கள் பக்கத்தில் வந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காவிட்டால் அது கோபம்.

"குடிக்கமாட்டாவாம் அண்ணை," என்றான் மரியதாஸ். "முடிஞ்சுது உங்கடை கதை."

அந்தச் சபையார் தேத்தண்ணியே குடிப்பதில்லை என்று பிறகுதான் அறிந்தேன். அந்த நேரம் அவருக்குக் கோபம் என்றே நினைத்தேன்.

அவர் புத்தகத்தைத் திறந்தார். நீல எழுத்தைக் கண்டு நிமிர்ந்தார். அவர் இங்கரிடம் கேட்க, இங்கர் மரியதாசிடம் கேட்க, மரியதாஸ் என்னிடம் கேட்டான்.

"இது ஆற்றை பேர் எண்டு கேக்கினம்."

"என்ரை மனிசி பிள்ளையள் எண்டு சொல்லு. செத்த ஆக்களின்ரை தாள் எண்டு தெரியாமல் எழுதிப்போட்டன். மன்னிக்கச் சொல்லு. இவை சாகேல்லை எண்டும் சொல்லு, தாசு. இவை சாகேல்லை."

அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன். அந்த அம்மா மூன்றாவது பெயரில், சிலுவைக்குப் பக்கத்தில், விரலை வைத்து நிறைய நேரம் கதைத்தார். மரியதாஸ் முதல் முறையாகப் பகிடி இல்லாமல் சொன்னான்.

"அண்ணை, இவையும் அப்ப சாகேல்லையாம். பிள்ளையள் அஞ்சு பேரும் மோர்மன் சபையிலை சேர்ந்து கப்பலேறினவையாம். தேப்பன் கோவத்திலை, எனக்கு இவை செத்தமாதிரி எண்டு சிலுவை போட்டவராம். அங்கை போய்க் கலியாணம் கட்டி, பிள்ளையள் பெத்து, நல்லா இருந்தவையாம். இவ அந்த மூண்டாவது ஆளின்ரை வழியாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெஞ்சு மட்டும் லேசானது.

இங்கர் என்னையே பார்த்தார். "உனக்குக் குடும்பம் இருக்கிறதா? இவ்வளவு காலம் பக்கத்தில் நிற்கிறாய், ஏன் சொல்லவில்லை?" என்றார். அடுத்த கிழமை அவரே லீவு போட்டு, அகதிகளுக்கு உதவுகிறவர்களிடம் என்னைக் கூட்டிப்போனார். எனக்காக அவர் கதைத்தார், அவர் எழுதினார். புத்தகம் அந்த அம்மாவோடு போனது. நான் எழுதிய பெயர்களை அழித்துத் தருகிறேன் என்றும் அவர் விடவில்லை.

இலையுதிரும் காலத்தில் பிலோமினாவின் கடிதம் வந்தது. மூவரும் உயிரோடு, காட்டுப்பக்கம் ஒதுங்கியிருந்தார்களாம். அடுத்த வருடம் அனுமதியும் வந்தது, அவர்களும் வந்து சேர்ந்தார்கள். இப்போது டெனிஷ் பேப்பர்களில் தமிழர் வழக்கு என்று எழுதுகிறார்கள். எங்கள் தாள்களை மேலிடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்களாம். நான் எந்தத் தாளிலும் பிழை விடவில்லை.

கேட்டது மாதாவிடம். கை வைத்தது லூத்தரன் வேதாகமத்தில். ஆறுதல் தந்தது மோர்மன் அம்மா. ஓடித் திரிந்தது கோவிலுக்கே போகாத இங்கர். இதில் எது பதில் என்று பிரிக்க எனக்கு இன்றும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். நான் நன்றி மட்டும் சொல்கிறேன். முன்பு எதையும் உள்ளேயே பூட்டி வைப்பேன். இப்போது கேட்கப் பழகிவிட்டேன்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு அந்த அமெரிக்க அம்மா வேதாகமத்தின் முன்தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். நீலப் பெயர்களுக்குப் பக்கத்தில் எழுத, அவர்கள் வந்து இறங்கிய தேதியைக் கேட்டிருந்தார். றொபேட் படத்தைப் பார்த்து டெனிஷில் என்னவோ கேட்டான். ஜெசிந்தா சொன்னாள், "அப்பா, உங்கடை பேர் ஏன் இல்லையெண்டு கேக்கிறான்." தேதியோடு என் பெயரையும் அவனே எழுதி அனுப்பினான்.

காத்திருக்கிற சகோதரங்களே, உங்கள் ஆட்களின் பெயர்களை எழுதிக் கை வையுங்கள். பக்கத்தில் நிற்கிறவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதில் வரும்வரை யாருடைய பெயருக்குப் பக்கத்திலும் நாங்களாகச் சிலுவை போடவேண்டாம்.