காக்பிட்டில் விழுந்த நட்டு

போன மாதம் எனக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. எல்லோரும் ஈமெயிலுக்கு மாறிவிட்ட காலத்தில் இன்லேண்டா என்று ஆச்சரியத்தோடு பிரித்தேன். முத்து முத்தான கையெழுத்து.

'ஐயா, தாங்கள் வீட்டு மாடியில் போர் விமானத்தின் காக்பிட் கட்டியிருப்பதாகத் தங்கள் பத்தியில் படித்தேன். நான் விமானப்படையில் அதே ரக விமானத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். இப்போது சிட்லபாக்கத்தில் வசிக்கிறேன். என் மனைவியை அழைத்துக்கொண்டு ஒருநாள் வந்து பார்க்கலாமா?'

கீழே, ஞானராஜ் என்று கையெழுத்து.

படித்ததும், ஏதாவது சாக்கு சொல்லித் தட்டிக் கழித்துவிடலாமா என்று யோசித்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் பெருமை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக... எனக்கு வாரத்தில் ஆறு நாள் கிண்டியில் ஆபீஸ். ஏழாவது நாள் குரோம்பேட்டை வீட்டின் மாடி அறையில் ஆணியும் சுத்தியலுமாக இருப்பேன். இப்படி எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கி, 'நாட்' என்ற பழைய குட்டி ஜெட் போர் விமானத்தில் விமானி உட்காரும் இடத்தை மட்டும் கட்டி முடித்தேன்.

உடம்பு ப்ளைவுட். சீட், புதுப்பேட்டையில் பொறுக்கிய பழைய கார் சீட். முன்னால் ஒரு பெரிய மானிட்டர். அதில் ஓடுவது விமானம் ஓட்டும் சாஃப்ட்வேர். மேகம் வரும், ரன்வே வரும், பெரும்பாலும் நான் ரன்வேயைத் தாண்டிப் போய் எங்காவது மோதுவேன். டயல்கள் எல்லாம் கலர் பிரிண்ட் அவுட். டயல்களைச் சுற்றியிருக்கும் வளையங்கள்? ஊறுகாய் பாட்டில் மூடிகள்! நடுவில் வெட்டி எடுத்துவிட்டுக் கறுப்பு பெயின்ட் அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தத் தைரியத்தில்தான், 'அச்சு அசல். ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை' என்று இதே பக்கத்தில் எழுதித் தொலைத்திருந்தேன். இப்போது, விஷயம் தெரிந்தவர் ஒருவர் வருகிறேன் என்கிறார்.

வரச் சொல்லிப் பதில் போட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். ஒரு டயல் கோணலாக இருந்தது, பிரித்து ஒட்டினேன். ஒரு மூடியில் 'மாங்காய்' என்ற எழுத்து பெயின்டையும் மீறி லேசாகத் தெரிந்தது. அதற்கு இன்னொரு கோட்டிங்.

"ப்ளஸ் டூ பரீட்சைக்குக்கூட இப்படிப் படிச்சிருக்க மாட்டீங்க" என்றாள் என் மனைவி உமா.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஞானராஜுக்கு அறுபத்தேழு வயது. ஒல்லி. சட்டையை இன் செய்து, ஷூ போட்டு, ஆபீஸுக்குக் கிளம்பியவர் மாதிரி வந்திருந்தார். கூடவே அவர் மனைவி எஸ்தர். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவராம். பார்த்த உடனே நான் நிமிர்ந்து நின்றுவிட்டேன். கணக்கு டீச்சர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அப்படித்தான்.

மாடிக்கு அழைத்துப் போனேன். ஞானராஜ் காக்பிட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயல்களைப் பார்க்கவில்லை. மானிட்டரைப் பார்க்கவில்லை. 'உட்காருங்க சார்' என்று சீட்டைக் காட்டினேன். அவர் உட்காரவும் இல்லை. மண்டி போட்டு, சீட்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தார்.

"தரை எங்க சார்?"

"இதுதான் சார் தரை" என்று ப்ளைவுட்டைத் தட்டிக் காட்டினேன். மேலே ரப்பர் மேட் வேறு போட்டிருந்தேன்.

"ஓஹோ..." என்று எழுந்தார். "நான் பைலட் இல்ல சார். ஃபிட்டர். ரிப்பேர் பண்றவன். எனக்கு மேல இருக்கிறதெல்லாம் அவ்வளவாத் தெரியாது. என் வேலை பூராவும் கீழதான்."

பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து மனைவியிடம் நீட்டினார். துவரம்பருப்பு அளவில் ஒரு நட்டு.

"இந்த சைஸ்தான் எஸ்தர்."

எஸ்தர் அம்மா அதைத் தொடக்கூட இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே கேளுங்க சார். முப்பத்தொரு வருஷம் முன்னாடி எங்க பெரியவனுக்கு ஞானஸ்நானம். இவருக்கு அப்போ வடக்க வேலை. இவர் லீவு கெடைச்சிருச்சுன்னு லெட்டர் போட்டப்புறம்தான் தேதியே குறிச்சோம். சொந்தக்காரங்க எல்லாரும் வந்தாச்சு. இவர் வரலை. குழந்தையோட அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேக்கறாங்க. நான் கைக்குழந்தையோட தனியா நிக்கறேன். வடக்க வேற குடும்பம் இருக்கும்போலன்னு எங்க சித்தி என் காது படவே சொன்னாங்க. எட்டு நாள் கழிச்சு வந்தாரு. ஏன் வரலைன்னு கேட்டா... நட்டு விழுந்துருச்சாம். அதை ரெண்டு நாள் தேடினாராம். அதுக்குள்ள ரயில் போயிருச்சாம்!"

"ப்ளேனுக்குள்ள ஒரு சாமான் விழுந்தா, அது கெடைக்கிற வரைக்கும் ப்ளேன் பறக்கக் கூடாது சார்" என்றார் ஞானராஜ். இதை அவர் பல நூறு தடவை சொல்லியிருப்பார் என்பது குரலிலேயே தெரிந்தது. "பைலட் மேல போய்த் தலைகீழாத் திருப்புவாரு. நட்டு உருண்டு வந்து கன்ட்ரோல் ராடுல மாட்டிக்கிச்சுன்னா, ஆளு திரும்பி வர மாட்டாரு. என் கையிலேருந்து விழுந்தது. நான்தானே தேடணும்?"

"இத்தனூண்டு இடத்துல ரெண்டு நாளா?" என்றார் எஸ்தர் அம்மா.

"அதைக் காட்டத்தானே கூட்டிட்டு வந்திருக்கேன்!"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இந்த மனிதர் என் ஊறுகாய் மூடிகளைப் பரிசோதிக்க வரவில்லை. முப்பத்தொரு வருட வழக்கு ஒன்றுக்கு சாட்சி தேடி வந்திருக்கிறார். அந்த ரக விமானங்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. ஒன்றிரண்டு காட்சிக்காக மேடையில் நிற்கின்றன, ஆனால் மூடி வைத்திருக்கிறார்கள். மனைவியை உள்ளே தலையை விடச் சொல்லிக் காட்ட, ஊரில் இருக்கும் ஒரே காக்பிட் என்னுடையது.

ஞானராஜ் நட்டை உள்ளே போட்டார். சீட்டின் இரும்புக் காலில் பட்டு 'டிங்' என்று சத்தம். எஸ்தர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். ரப்பர் மேட்டின் ஓரத்தைத் தூக்கினார்.

"இந்தாங்க."

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஞானராஜின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் உமா கொடுத்த மோரைக் குடித்தார். நன்றி சொன்னார். ஆட்டோ கூப்பிடப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அச்சு அசல் என்று பீற்றிக்கொண்டவன் நான். பொய் சொன்னவராக நின்றது அவர்!

தெருமுனை வரை ஓடினேன். "சார்... நிஜத் தரை எப்படி இருக்கும்னு சொல்லுங்க. கட்டிடலாம்."

அடுத்த மூன்று ஞாயிறும் ஞானராஜ் வந்தார். இந்த முறை கைலி, பழைய பனியன். என் சமதளமான ப்ளைவுட்டைப் பிடுங்கி எறிந்தோம். நிஜ விமானத்தில் தரை என்றே ஒன்று கிடையாதாம். விலா எலும்பு மாதிரி வரிசையாக உலோகச் சட்டங்கள், அவற்றுக்கு இடையில் எண்ணெய்க் குழாய்கள், கட்டுக் கட்டாக வயர்கள், பெடலிலிருந்து வால் வரைக்கும் ஓடுகிற கம்பிகள். நாங்கள் அலுமினியத் துண்டுகள், பழைய பிளாஸ்டிக் பைப், கேபிள் டிவி வயர் எல்லாவற்றையும் வைத்துச் சமாளித்தோம். கையை விட்டால் முழங்கைக்கு மேல் போகாது. விரலுக்குத் தட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாது. அவருக்குப் பரம திருப்தி.

போன ஞாயிறு எஸ்தர் அம்மா மறுபடி வந்தார். ஞானராஜ் நட்டை எடுத்ததும், "அதை இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். "கேள்வித்தாளைப் பரீட்சை எழுதறவங்க கையிலயா குடுப்பாங்க? நான் போடறேன். நீங்க தேடுங்க."

போட்டார். இந்தத் தடவை டிங் என்ற சத்தத்தோடு நிற்கவில்லை. டிங், டிக், டிக்... எங்கேயோ ஆழத்தில் போய் அடங்கியது.

ஞானராஜ் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒரு பென் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டார். தலையை முதலில் விட்டு, தோளைச் சாய்த்து, இடுப்பு வரை உள்ளே இறங்கினார். இரண்டு கால்களும் மேலே. அறுபத்தேழு வயது மனிதர்! நான் பதறிப்போய்க் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். நடுவில் ஒரு தரம் வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போனார். அரை மணி தாண்டியது. கரண்ட் போனது. மாடி அறை, மொட்டை வெயில். மின்விசிறி நின்ற இரண்டாவது நிமிடம் எனக்கே தலை சுற்றியது. உமா ஒரு பத்திரிகையை எடுத்து அவர் முதுகுக்கு விசிறினாள்.

"ஏங்க, போதும். வெளிய வாங்க" என்றார் எஸ்தர் அம்மா.

நான் பிடித்திருந்த கணுக்கால் இன்னும் ஒரு அங்குலம் உள்ளே இறங்கியது.

"நம்பறேன். வாங்க வெளிய. மயக்கம் போட்டு விழப்போறீங்க."

"கெடைக்கலையே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கெடைக்காட்டி விடுங்க! இது பொம்மை ப்ளேன்!"

"பொம்மைன்னாலும்... சார் இதுல நாளைக்கு உக்காருவாரு இல்ல?"

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. வரவில்லை. என் விமானம் மானிட்டரைத் தாண்டி எங்கும் போகாது. ஆனாலும் என் உயிருக்காக ஒருவர் வியர்வை வழியத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது.

எஸ்தர் அம்மா அதற்குமேல் கூப்பிடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலே ஆடிக்கொண்டிருந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உமாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இப்படித்தான் இருந்திருப்பாரு."

ஒன்றேகால் மணிக்கு நட்டு கிடைத்தது. ஒரு பைப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்ததாம். ஞானராஜ் வெளியே வந்தபோது முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. பனியன் பிழிகிற ஈரம். மனைவியிடம் நட்டை நீட்டினார். அவர் அதை வாங்கி, உற்றுப் பார்த்து, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார்.

"சரி. ரெண்டு நாள் ஆயிருக்கும். ஒத்துக்கறேன்."

ஞானராஜ் என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை! வழக்கில் ஜெயித்த சந்தோஷம். நானும் சிரித்தேன். மூன்று வார உழைப்பு ஐயா, சும்மாவா?

"ஆனா ஒரு தந்தி குடுத்திருக்கலாமே" என்றார் எஸ்தர் அம்மா.

சிரிப்பு அப்படியே நின்றது.

"நீங்க நகரக் கூடாது, சரி. கூட இருந்தவங்க யாராவது தந்தி ஆபீஸுக்குப் போயிருக்க மாட்டாங்களா? 'வர இயலவில்லை'ன்னு ரெண்டு வார்த்தை. நான் குழந்தையைத் தூக்கிட்டு சர்ச் வாசலுக்கும் உள்ளுக்கும் எத்தனை தடவை நடந்தேன் தெரியுமா? இதைக் கேட்டப்பல்லாம் நீங்க நட்டைப் பத்தியேதான் சொல்லிட்டிருந்தீங்க."

ஞானராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டை இறக்கினார்.

"எனக்குத் தோணவே இல்ல எஸ்தர். தப்புதான்."

"அவ்ளோதான். இதைச் சொல்ல முப்பத்தொரு வருஷம்" என்று எஸ்தர் அம்மா எழுந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "வாங்க, சாப்பிடலாம். உமா எவ்ளோ நேரம் காத்திருப்பா?"

நாங்கள் இரண்டு பேரும் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு தரையைக் கட்டினோம். அந்த அம்மா கேட்டது தரையையே அல்ல! கேட்காத கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவதில் நம் ஆண்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கணக்கு டீச்சர் மார்க் போடாமல் வைத்திருந்ததில் என்ன ஆச்சரியம்?

இந்த வாரம் எனக்கு ஆபீஸில் மூன்று நாள் வேலை இழுத்துவிட்டது. மூன்று நாளும் செல்போனில் உமாவைக் கூப்பிட்டு, 'வர லேட்டாகும்' என்று சொன்னேன். முதல் நாள், 'சரி' என்றாள். இரண்டாம் நாள், 'உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்றாள்.

மூன்றாம் நாள் நேராகவே கேட்டுவிட்டாள் - "உண்மையைச் சொல்லுங்க... என்ன பண்ணித் தொலைச்சீங்க?"