மலை ரூட்டரைப் படிக்கும் கருவி

மலையூர்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில், போளூரில், வேலை பார்க்கிறேன். என் அக்கா மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவளுக்கு லைன் கொடுப்பதும் நாங்கள்தான்.

புகார்களுக்குப் பதில் சொல்ல எங்கள் கம்பெனியில் ஓர் ஏஐ உதவியாளரை வைத்தார்கள். தமிழில் நன்றாகவே பேசும். ஆனால் லைன் சரியில்லை என்று யார் எழுதினாலும், "ரூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்" என்றுதான் சொல்லும். பாவம், அது வேறென்ன சொல்லும்? எங்கள் ரூட்டர் ஒன்றைக்கூட அதனால் பார்க்க முடியாதே. ஒவ்வொரு ரூட்டரும் கேபிள் செருகும் தன் ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு தகவல் வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு சிதைந்து, பழுதாக வந்து சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அதை ஏஐயே போய்ப் படிக்க ஒரு கருவி எழுதட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அது எதுனா கைய வெச்சு மலைக்கே லைன் போய்ட்டா இன்னாம்மா பண்றது?" என்றார்.

"கை வைக்காது சார். பாக்குறதுக்கு மட்டும்தான் வழி வெப்பேன்."

"அப்ப சரி, எழுது."

எழுதினேன். முதல் நாளே ஏஐ ஊரைக் கூட்டியது. நன்றாக ஓடும் போர்ட்டைக் காட்டி, பழுது மலைபோல் குவிந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்றது. அந்த ரூட்டரைப் போட்ட நாளிலிருந்து சேர்ந்து வந்த எண்ணிக்கை அது. முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு தடவை படி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை படி, நடுவில் எவ்வளவு கூடியதோ அதை மட்டும் சொல் என்று கருவியை மாற்றி எழுதினேன். அதற்கப்புறம் நிதானமாகப் பேச ஆரம்பித்தது.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் அக்கா போன் செய்தாள்.

"இன்னாடி உங்க லைனு? வீடியோல டாக்டர் மூஞ்சி தெரியுது, பேச்சு வரல. மாசமா இருக்கிற பொண்ண ஒக்கார வெச்சிட்டு கைய பெசஞ்சினு நிக்கிறேன்."

மழைக்காற்றில் அங்கே சிக்னல் பிடிக்கும் மாடி ஆன்டெனா போயிருக்கும், புதுசு வரவழைக்கலாம் என்றார் முதலாளி. எல்லோருக்கும் அதுதான் தோன்றியது, எனக்கும்தான். ஆனாலும் ஏஐயிடம் கேட்டேன். அது கருவியை எடுத்துக்கொண்டு அக்காவின் ரூட்டரைப் போய்ப் படித்துவிட்டு வந்து எழுதியது: "ஆன்டெனா பக்கத்துப் போர்ட்டில் பழுது கூடவில்லை. கட்டடத்துக்குள், டாக்டரோடு பேசும் அறைக்குப் போகும் போர்ட்டில் கூடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேபிளைப் பாருங்கள்."

நானே அலுவலகத்திலிருந்து ரூட்டருக்குள் போய்ச் சரிபார்த்தேன். அது சொன்னது சரிதான்.

மறுநாள் காலை புதுக் கேபிளோடு மலைக்குப் பஸ் ஏறினேன். அக்கா வாசலிலேயே நின்றாள்.

"ஆன்டெனா எங்கடி?"

"அது நல்லாத்தான்க்கா கீது. கேபிள் எப்பிடி போவுதுன்னு காட்டு."

சுவர் ஓரமாகவே கேபிளைத் தொட்டுக்கொண்டு போனேன். கேபிள் ஓர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் நுழைந்தது. பீரோவின் கால் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கேபிள் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"இத யாருக்கா இங்க தள்ளனது?"

அக்கா பீரோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான்தான்டி. அந்தப் பக்கம் ஒழுகுது, மருந்தெல்லாம் நனையுதுன்னு தள்னேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன்.

பீரோவைச் சுற்றிப் புதுக் கேபிளை இழுத்தேன். போனிலேயே ஏஐயிடம் கேட்டேன். பழுது கூடவில்லை என்றது. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அக்கா சொல்லி அனுப்பினாள். அவள் வந்து உட்கார்ந்ததும், திரையிலிருந்து டாக்டரின் குரல் கணீரென்று வந்தது. குழந்தை நல்லா இருக்கு, பயப்படாதீங்க என்றார். அவள் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். டாக்டர் மறுபடி சொன்னார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்களிடம் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இவ என் தங்கச்சி. போளூர்ல இருந்துனே இங்க எந்த ஒயரு கெட்டுதுன்னு கண்டுபுடிக்கிற மிஷின எழுதனவ."

"மிஷின எழுதுவாங்களா?" என்றாள் ஒருத்தி.

"இவ எழுதுவா," என்றாள் அக்கா.

இப்போது மலையிலுள்ள எங்கள் ரூட்டர்கள் எல்லாவற்றையும் அந்தக் கருவி வழியாகத்தான் ஏஐ பார்க்கிறது. காலையில் அலுவலகம் வந்ததும் அது எழுதி வைத்திருப்பதைப் படிக்கிறேன். முதலாளியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு இன்னா சொல்லுதும்மா?" என்று கேட்கிறார்.