பெயரில்லாத புல்வெளி

டென்மார்க்கின் டோஸ்ட்ருப் ஊரில் எங்கள் ஆட்களிடம் அம்மா என் வேலையைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தது ஒன்று, நான் செய்தது வேறொன்று. "நகரசபையில, பூங்காப் பக்கம் பெரிய பொறுப்பு" என்று சொல்லிவிட்டு உடனே கதையை மாற்றிவிடுவார்.

நான் மரம் ஏறுகிறவன். இடுப்புவாரும் தலைக்கவசமும் போட்டு, மெஷின் வாளைத் தொங்கவிட்டபடி கயிற்றில் ஏறி, நோய்கண்ட கொப்புகளை வெட்டி இறக்குகிறவன். அதற்கு டென்மார்க்கில் பள்ளிக்கூடம், பரீட்சை, சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆனால் மரம் ஏறுவது இன்னாருடைய தொழில் என்று ஊரில் பிரித்து வைத்ததை, எங்கள் சனம் பொதியோடு பொதியாக விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்து இறக்கியிருந்தது. ஒரு கலியாண வீட்டில் ஒருவர் என் தோளில் தட்டி, "என்ன தம்பி, டென்மார்க்குக்கு வந்தும் மரத்திலயோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அந்தக் கோபத்திலேயே அடுத்த படிப்புக்கும் பெயர் கொடுத்தேன். மரத்தின் நோயைக் கண்டுபிடிக்கிற படிப்பு அது.

மரம் பொல்லாத சாமான். மேலே பச்சைப் பசேலென்று நிற்கும், உள்ளே கோறையாக, வெறும் பொந்தாக இருக்கும். ரப்பர் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டு போனால், நல்ல இடம் இறுக்கமாகக் கேட்கும். உக்கிய இடத்தில், உள்ளே இருந்து யாரோ திருப்பித் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். எத்தனை வருடமானாலும் அதைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும்.

ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த அந்த வைகாசியில், என் தம்பி வன்னியில் இருந்தான். மாசியோடு அவனுடைய தொலைபேசி நின்றுபோயிருந்தது. அம்மா நாள் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, முகாம் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். ஒருநாள் தேவாலயத்தில் இருந்து வந்து மெல்லக் கேட்டார், "சின்னவன்ர ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பமோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உயிரோட இருக்கிறவனுக்கு ஆராவது செத்தவீட்டுப் பூசை குடுப்பினமோ? இனி உந்தக் கதை இந்த வீட்டில வேண்டாம்!" என்று கத்தினேன். அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்பதை நான் ஒருவனே தூக்கிப் பிடித்திருப்பதாகவும், நான் விட்டால் அவன் விழுந்துவிடுவான் என்றும் எனக்கு ஒரு பயம் இருந்தது.

ஆனியில், பக்கத்து ஊர்த் தேவாலயத்துச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே நின்ற ஒரு பெரிய பீச் மரத்தை வெட்டி இறக்க வேண்டி வந்தது. குருவி கூடு கட்டும் காலத்தில் நாங்கள் மரத்தில் கை வைப்பதில்லை. ஆனால் இதன் வேரைக் காளான் தின்றுவிட்டது, காற்றில்லாத நாளிலும் சாயலாம். கல்லறைகளின்மேல் விழாதபடி துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். நான் மேலே, கீழே கயிறு பிடிக்க ஒரு டேனிஷ்காரன்.

மரத்துக்குக் கீழே ஒரு புல்வெளி இருந்தது. கல் இல்லை, சிலுவை இல்லை, பெயர் இல்லை. தங்களுக்கென்று கல்லறை வேண்டாம் என்றவர்களின் சாம்பலை அதில் புதைப்பார்கள். யார் எங்கே என்று வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். கீழே நின்றால் வெறும் புல்தான். நான் உச்சிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். மழையில்லாத ஆனி. காய்ந்த புல்லில் சின்னச் சின்னச் சதுரங்கள் கொஞ்சம் கூடுதல் பச்சையாக, வரிசை வரிசையாக, வேலி வரைக்கும் தெரிந்தன. கயிற்றுக்காரன் அவற்றின்மேல் நின்று என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

அன்றிரவு சாப்பிடும்போது அதை அம்மாவிடம் சொன்னேன். "ஆர் எங்கையெண்டு ஒருத்தருக்கும் தெரியாதோ?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு வீட்டுத் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார். நான் ஓடிப்போய்க் காதை ஒட்டினேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. காற்றும், தூரத்தில் பெருங்கூட்டத்தின் இரைச்சலும், நடுவே ஒருவன் மூச்சு விடுவதும் கேட்டன.

"சின்னவன்! நீயோடா?" அம்மா கத்தினார்.

அந்த மூச்சு ஒருதரம் தடுமாறியது. பிறகு, "ஓம்" என்றது ஒரு குரல்.

"முகாமிலயோ?" "ஓம்." "காயம் கீயம் இல்லைத்தானே?" "ஓம் அம்மா." "சாப்பிட்டியோ?" "ஓம் அம்மா." தொடர்பு அறுந்தது.

குரல் அடைத்துக் கரகரத்திருந்தது. அவ்வளவையும் கண்டு வந்தவனுக்கு அடைக்காதா என்ன? நான் அழுதேன், சிரித்தேன், கடைக்கு ஓடிக் கேக் வாங்கினேன். எங்கள் ஆட்கள் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன், "மரத்திலயோ" என்று கேட்டவருக்கும் சேர்த்து. அம்மா ஒரு துண்டும் தொடவில்லை. சந்தோசத்தில் வாய்க்குள் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, இன்னும் இறக்கி முடியாத அந்தப் பீச் மரத்தின் மேலே வாளை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தேன். புல்வெளியின் ஓரத்தில், பச்சைச் சதுரம் ஒன்றுக்கு முன்னால், ஒரு கறுத்த பெண் முழந்தாளில் இருந்தார். வாள் சத்தத்துக்குக் காதை மூடியிருந்ததால் ஒரு சத்தமும் இல்லை. அவருடைய வாய் அசைந்தது. நிறுத்தினார். தலையைச் சரித்துக் கேட்டார். ஓமென்று தலையாட்டிவிட்டு மறுபடி பேசினார். அந்தப் புல்லுக்கு அடியிலிருந்து யாரோ பதில் சொல்வது போலவே இருந்தது. பேயறைந்தவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அம்மா என்று பிறகுதான் பிடிபட்டது. கயிற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கினேன்.

"அம்மா, இஞ்ச என்ன செய்யிறியள்?"

"மெழுகுதிரி கொளுத்திறன், மோனை. சின்னவனுக்கு."

"நேற்றெல்லோ அவனோட கதைச்சனீங்கள்!"

"அது அவன் இல்லை."

நான் இடுப்புவாரோடேயே அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"நான் கேட்டதுக்கெல்லாம் ஓம் எண்டான். சின்னவன் எனக்கு எப்பவாவது ஓம் எண்டு சொன்னவனோ? சாப்பிட்டியோ எண்டா, ஏன், கொண்டுவந்து தரப்போறியளோ எண்டெல்லோ கேப்பான்." அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. "எங்கட நம்பரைச் சின்னவன் ஆரோ ஒரு பிள்ளையிட்டக் குடுத்துவிட்டிருக்கிறான். அது அவன்ர கடைசிச் செய்தி சொல்லத்தான் எடுத்தது. நான் அந்தரத்தில, அவசரப்பட்டு முந்தி நீயோ எண்டு கேட்டிட்டன். பாவம், அதுக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை."

"தெரிஞ்சும் ஏன், அம்மா, மகன் எண்டு கதைச்சனீங்கள்?"

"அதுக்கு ஒரு தாய் இருந்தா, கிடைச்ச போனில அவவுக்கெல்லோ முதல் எடுத்திருக்கும்."

நான் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா என் தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "உதிலயோ ஏறி நிண்டனீ?" என்றார்.

அடுத்த ஞாயிறும் தொலைபேசி அடித்தது. அம்மா கொஞ்சம் கதைத்துவிட்டு, "இந்தா, அண்ணையோட கதை" என்று என்னிடம் நீட்டினார். வாங்கினேன். அதே காற்று, அதே மூச்சு. தம்பி எங்கே விழுந்தான், யார் பக்கத்தில் இருந்தார்கள், மண் போட்டார்களா இல்லையா, எனக்குத் தெரியவேண்டிய அத்தனையும் அந்த மூச்சுக்காரனிடம் இருந்தது. ஒரு கேள்வி கேட்டால் போதும். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிட்டியோடா?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை" என்றான்.